பன்னிரண்டாவது வால்

பக்கெற்றில் ஐந்து வால்,
ஆயிரத்து நானூறு ரூபாய்.
பச்சை மினுங்கல், நுனியில் சின்னத் துடுப்பு,
பெருஞ்சீரக வாசம் வேறு,
யாரோ கறி வைக்க நினைத்துப்
பாதியில் விட்ட மாதிரி.

உறையில் ட்ரெய்லர் என்று போட்டிருக்கிறது.
"ட்ரெய்லர் நல்லா ஓடுது,
படம் எப்ப?" என்பான் நிஸ்தார்
ஒவ்வொரு ஞாயிறும்
மட்டக்குளியில்,
களனி ஆறு கடலுக்குள் கரைகிற இடத்தில்,
முழங்கால் தண்ணீரில் நின்றபடி.

எறிந்தால் ஈயத்தலை ஒழுங்காய்ப் பறக்கிறது.
வால்தான்
தண்டிலிருந்து கழன்று
கொக்கியின் வளைவில் போய்ச் சுருண்டுகொள்கிறது,
சப்பாத்துக்குள் காலுறை இறங்குவது போல.
அப்படிச் சுருண்டதை
எந்தக் கொடுவா தின்னும்?
பேத்தை தின்னும்.
பேத்தைக்கு எதுவும் சரி,
கத்தரிக்கோல் வைத்தாற்போல் அரைவட்டம்.

இந்த மாதம் பதினொரு வால்
ஆற்றுக்குக் கொடுத்தேன்.
அடியில் எங்கோ கிடக்கும் பதினொன்றும்,
கரையாமல், பெருஞ்சீரகம் மணக்க.
ஆற்றை நினைத்துத்தான் வழி தேடினேன் என்றால் பொய்.
காசை நினைத்து.

புறக்கோட்டையில் போன் திருத்துகிறவன் நான்.
ஒட்டுவதுதான் என் சோறு.
சுப்பர் குளூ ஒரு துளி விட்டேன்:
வால் ஒட்டவில்லை, பெருவிரல் ஒட்டியது.
ஈயத்தலையோடு சில்லறை நீட்ட
பஸ் கொண்டக்டர் கையை இழுத்துக்கொண்டான்.
திரைக் கண்ணாடிக்குப் பூசும் பசை
உப்புத் தண்ணீரில்
வெள்ளைச் சுவிங்கமாய்த் திரண்டது.
லைட்டரால் உருக்கிப் பார்த்தேன்.
வால் கொக்கியைப் பிடிக்குமுன்
காற்று சுடரைப் பிடித்தது.

பிறகு ஒரு வெள்ளி இரவு
பெலிசியா சோறு போடுகையில்
மோதிரத்தின் அடியில் கறுப்பாய் ஏதோ.
செட்டியார் தெரு அடகில்
இரண்டு வருஷம் கிடந்து மீண்ட மோதிரம்.
அது அப்படியேதான் வந்தது.
விரல் மெலிந்திருந்தது.
"கழண்டு கழண்டு விழுது,
நூல் சுத்தியிருக்கேன்" என்றாள்
பருப்பை ஊற்றிக்கொண்டே.

நான் கேட்டிருக்க வேண்டியது வேறு.
எத்தனை நாளாய் என்று.
நீ சரியாய்ச் சாப்பிடுகிறாயா என்று.
கேட்டது:
"எத்தனை சுத்து?"

அவள் பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

பதினெட்டு. அதே தையல் நூல்.
கொக்கித் தண்டில், தலைக்குச் சற்றுக் கீழே,
சுற்றின்மேல் சுற்றாய் ஒரு சிறு புடைப்பு.
அதன்மேல் வாலை முக்கி முக்கி ஏற்றி,
விளக்குமாற்றில் ஓர் ஈர்க்குத் துண்டு ஒடித்து
புடைப்புக்கும் தலைக்கும் நடுவே
வாலின் ஊடாகக் குறுக்கே குத்தி,
துருத்திய மிச்சத்தை
நகவெட்டியால் நறுக்கினேன்.

ஞாயிறு, ஐந்தரை மணி,
வற்றுத் திரும்புகிற நேரம்.
பாலத்து விளக்குகள் இன்னும் அணையவில்லை.
எத்தனை எறி என்று எண்ணவில்லை.
ஒவ்வொரு தடவையும் வால் நேராய் வந்தது,
நேராய் வந்து நேராய்ப் போனது,
எனக்கே அலுத்துப்போகுமளவுக்கு நேராய்.
அப்போதுதான் தண்ணீர் பிளந்தது.
வெள்ளித் தகடாய் ஒரு கொடுவா
வாயைத் திறந்து தலையை உதற,
"படம்!" என்று கத்தினான் நிஸ்தார்.

பிறகு கையில் கனமில்லை.

இழுத்து எடுத்தேன்.
ஈயத்தலை, கொக்கி, பதினெட்டுச் சுற்று.
வால் வைத்த இடத்திலேயே,
முதுகில் மண்தாள் தேய்த்த கீறலோடு,
ஈர்க்குக்கூட அசையவில்லை.
நிஸ்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"எல்லாம் நல்லாக் கட்டியிருக்கே,
மீனைத்தான் கட்ட மறந்துட்டே" என்றான்.

வீட்டுக்கு வரப் பத்து மணி.
"நூல் நின்றது" என்றேன்.
பெலிசியா கையை நீட்டி
மோதிரத்தை உலுக்கிக் காட்டினாள்.
இன்றைக்காவது கேட்டேன்:
"சாப்பிட்டியா?"

"இல்ல," என்றாள்,
"மீன் வரும்னு
பாத்துக்கிட்டு இருந்தேன்."